உம் கொட்ட ஆளில்லை

என் வாயாடிக்கு,

இங்கே நான் சௌக்கியம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒருவர் அச்சுப்படியை உரக்க வாசிப்பார். எதிரில் இருப்பவர் மூலத்தைப் பார்த்து, சரியாக இருந்தால் உம் கொட்டுவார். என் எதிர் நாற்காலிக்காரரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது வாசிப்பதும் நான், உம் கொட்டுவதும் நான். தப்பாக வாசித்தாலும் உம் என்றுதான் வருகிறது. சிரிக்காதே.

நேற்று, உலகத்துக்கே பொதுவாக ஒருவர் உண்டாக்கிய எஸ்பெராண்டோ மொழியின் விகுதி ஒன்று வந்தது. 'இன்னாருடைய மனைவி' என்று காட்டும் விகுதி. ஜெர்மன் மொழியில் பட்டத்து இளவரசரின் மனைவியைச் சொல்லும் வார்த்தையின் வாலிலிருந்து வந்ததாம். பிறகு அந்த வாலே மனைவி என்று தனிச்சொல்லாகிவிட்டது. அதில் பெண்பால் அடையாளத்தை நறுக்கியதும் மிஞ்சியதுதான் கணவன். 'மிஞ்சியது' என்று வாசித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். பதிப்பாசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஜலதோஷமா? ஒரு மாத்திரை போட்டுக்குங்க" என்றார். போட்டுக்கொண்டேன்.

நீலச் சட்டைக்கு ஒரு பொத்தான் அனுப்பு. இங்கேயும் கடையில் கிடைக்கிறது. இருந்தாலும் அனுப்பு.

இந்த வருஷமும் லீவு இல்லை என்று சொன்னதிலிருந்து நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயே திறப்பதில்லை. நானே பேசி, நானே வைத்துவிடுகிறேன். வீட்டிலும் அதே வேலையா எனக்கு?

மணி அடித்துவிட்டது, போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். நீ பேச வேண்டாம். நடுவில் ஒரே ஒரு உம் கொட்டு.

மிஞ்சியவன்