ஆறு தீபாவளிப் பெயிண்ட்

சனி, 5
மாலை மழை. எங்கள் குனோங் ராபாட் வட்டாரத்தில் இரண்டு முறை கரண்ட் போய் வந்தது.
13ஆம் தேதி ஞாயிறு, எங்கள் மாதிரி ரயில் கிளப்பின் கண்காட்சி. என் பங்கு நாலு சரக்குப் பெட்டிகள். எஸ்டேட் தச்சரான மாமனார் பிளைவுட்டில் செய்தவை, என் மனைவி செல்விக்கு வந்த சொத்து. தீபாவளிக்குக் கதவு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைக் கண்ணில் பட்டதற்கெல்லாம் பூசுவது அவர்கள் வீட்டு வழக்கம். முக்காலி, சாமி மாடம், ரயில். ஆறு பூச்சு. மாமனார் கீறிய பலகைக் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை.
பதினேழு வருடமாக ஜெலாப்பாங் பட்டறையில் கார் பெயிண்ட் உரிப்பவனுக்கு இது எம்மாத்திரம்? ஒரு பெட்டிக்குப் பெயிண்ட் ரிமூவரைத் தாராளமாகப் பூசி, பிளாஸ்டிக் சுற்றி, ஒரு மணி நேரம் வைத்தேன். கார் கதவுக்கு அப்படித்தான்.
பெயிண்ட் போயிருந்தது. பசையும் போயிருந்தது. பிளைவுட் உப்பி ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கிறது. மடையன் நான்.
செல்வி திட்டவில்லை. மீதி மூன்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். திட்டியிருக்கலாம்.

ஞாயிறு, 6
வெயில்.
கிளப் தலைவர் காதர் அண்ணனின் ரொட்டிக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டே சிரித்தார்.
"காரு குடிக்காது தம்பி, பலகை குடிக்கும். நக அளவு தொட்டு வையி, ஒடனே தொடைச்சிரு."
வாங்கியது: பஞ்சுக் குச்சி, ஸ்பிரிட், சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி ஒரு கட்டு.

செவ்வாய், 8
கெட்டுப்போன பெட்டியின் அடிப்பலகையில் சோதனை. ரிமூவர் ஒரு பொட்டு. இரண்டு நிமிடம். சாத்தே குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்தேன். பலகை உப்பவில்லை!
செல்வி விரலால் தடவிப் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒரு பெட்டி மட்டும் வெளியே வந்தது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள், பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி.

வியாழன், 10
முதுகு வலி. ஜன்னலைத் திறந்து வைத்தும் நெடி.
மேலிருந்து கீழ்: பச்சை, நீலம், ரோஸ், மறுபடி பச்சை, மஞ்சள், ஏதோ சாம்பல். அதற்கும் அடியில் மாமனாரின் பழுப்பு. பலகைக் கோடுகள் அத்தனையும். கதவுத் தாழ்ப்பாள்கூட இருக்கிறது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.
செல்வி குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள். கையுறை ஃபேக்டரியில் ஓட்டை கண்டுபிடிக்கிறவள். நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவள் மூன்று பக்கம். மற்ற இரண்டு பெட்டிகளையும் அவளே எடுத்து வந்தாள்.

ஞாயிறு, 13
மேகமூட்டம், மழை இல்லை. பட்டறைக்கு லீவு.
மூன்று பெட்டிகளையும் காதர் அண்ணன் தன் எஞ்சினுக்குப் பின்னாலேயே கோத்தார். வேறு யாருக்கும் அந்த இடம் கொடுத்ததில்லை. ஓடின. ஒரு தரம்கூடத் தடம் புரளவில்லை. ஜனம் மூன்று வரிசை. எப்படி உரித்தோம் என்று ஆளாளுக்கு ஃபோனில் குறித்துக்கொண்டார்கள். இன்று நான்தான் ராஜா. சரி, பாதி ராஜா.
திரும்பும்போது காரில் செல்வி மெதுவாக:
"அக்கா வீட்டுல அப்பா செஞ்ச பாசஞ்சர் பெட்டி ரெண்டு இருக்கு. கேட்டு வாங்கவா?"
கல்யாணமாகிப் பதினாலு வருடம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
"நீங்க கார் பெயிண்ட்காரர். பயமா இருந்துச்சு லா."
இருந்துச்சாம். இப்போது இல்லையாம்.