மாரீஸ்வரிக்கு விழுந்த பத்தொன்பது ஓட்டு

அல்லிநகரம்,
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு எப்சிபாவின் வணக்கம். கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

பள்ளியில் சின்னதாக ஒன்று நடந்தது, பயப்படாதீர்கள். போனில் சொன்னால் அம்மா அழுவார்கள் என்றுதான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் தேர்தல் பாடம் நடத்தி, வகுப்புத் தலைவர் பதவிக்கு ரகசிய வாக்கெடுப்பும் வைத்தேன். மாரீஸ்வரி பத்தொன்பது ஓட்டு வாங்கி ஜெயித்தாள். அருண்பாண்டிக்குப் பதினொன்று. மறுநாள் தலைமையாசிரியர் வகுப்புக்கே வந்து அவனைத் தலைவனாக்கிவிட்டார்.

“பாடத்துக்குச் சும்மா வச்ச ஓட்டுத்தானம்மா? பொம்பளப் பிள்ளைய எதுக்கு முன்னால நிப்பாட்டுறீக?” என்றார்.

அவர் போனதும் மாரீஸ்வரி எழுந்தாள். “அப்ப பாடத்துல இருக்கிறதும் சும்மாதானா டீச்சர்?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, அப்பா. இதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் இனி எந்த முகத்தோடு பாடம் எடுப்பேன்? வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கை வாங்கி முடிவை அறிவித்துவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அருண்பாண்டியும் தட்டினான். இப்போது மாரீஸ்வரிதான் தலைவி. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது.

அம்மாவிடம் சொல்லி நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. கால் தேறினால் நீங்களே கொண்டுவாருங்கள்.

மெமோவுக்குப் பதில் எழுத வேண்டும், நிறுத்துகிறேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இருக்காது.

உங்கள் மகள்
எப்சிபா