பச்சையில் நின்ற முள்

நவம்பர் 6, திங்கள்

ஆலங்கட்டி மழை பெய்து பதினாறு நாள் ஆகிறது. பட்டறை வாசலில் இன்னும் நாற்பத்தொரு வண்டிகள் நிற்கின்றன, ஒவ்வொன்றின் கூரையிலும் பானெட்டிலும் அம்மைத் தழும்பு. ஆஸ்திரேலியாவின் இந்த டூவும்பாவில் சொட்டை இல்லாத காரை ஓட்டுகிறவன் அன்றைக்கு ஊரில் இல்லாதவனாகத்தான் இருக்க வேண்டும்.

காலையில் பெயின்ட் பூத்தின், வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் அடைப்பு அறையின், தினச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது கட்டம், ஒன்பது டிக். ஃபில்டரைக் குனிந்து பார்க்கவில்லை. ஃபில்டர் அடைப்பைக் காட்டும் அளவியின் முள் மஞ்சளில் இருந்தது. மஞ்சள் என்றால் இன்னும் சிவப்பு இல்லை என்றுதானே அர்த்தம்?

முதலாளி நெவிலிடம் புது ஃபில்டர் கேட்டேன். "சரக்கு வந்தாத்தானே மாத்துறது? பிரிஸ்பேன்லயும் கிடையாது. இருக்கற அத்தனை பட்டறையும் அதைத்தான் கேக்குது. ஓட்டு லொரெல், ஓட்டு."

தக்கீலுக்கு எழுதித் தருவதாகச் சொன்ன கடிதத்தை இன்றும் எழுதவில்லை. டிசம்பர் 12 அவனுக்குத் தொழில் தேர்வு. ஈராக்கில், சிஞ்சாரில் இருபது வருஷம் வண்டிக்குப் பெயின்ட் அடித்தவன் இங்கே நாலு வருஷமாக எனக்கு எடுபிடி என்ற பெயரில்தான் இருக்கிறான். தேறினால் பெயின்டர் என்ற பட்டமும் அதற்கான சம்பளமும் வரும். தலைமை பெயின்டரான என் கடிதம் இல்லாமல் தேர்வில் உட்காரவே முடியாது. நாளை எழுத வேண்டும்.

நவம்பர் 9, வியாழன்

வெள்ளை டொயோட்டா ஒன்றுக்குக் கடைசிப் பளபளப்புப் பூச்சான கிளியர் அடித்துக்கொண்டிருந்தேன். பாதி பானெட்டில் பெயின்ட் பீச்சும் கன் இருமியது, நின்றது. முள் சிவப்பைத் தொட்டால் கன்னுக்குப் போகும் காற்றை பூத் தானாகவே வெட்டிவிடும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அடித்த பாதி காய ஆரம்பித்துவிட்டது. பாழ். மறுபடி உப்புத்தாள், மறுபடி முதலிலிருந்து.

நெவில் வந்து பார்த்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். "ஏதாவது வழி பண்ணு லொரெல். என்ன வழின்னு எனக்குச் சொல்ல வேண்டாம்."

பண்ணினேன். எல்லோரும் டீக்குப் போன நேரம். பூத்தின் தரையில் கிடக்கும் கம்பிச் சட்டத்தைத் தூக்கி, நீள ஸ்க்ரூடிரைவரால் கீழே இருந்த ஃபில்டரில் ஓட்டை போட்டேன். மொத்தம் பத்தொன்பது. பெயின்ட் ஏறி அது அப்பளம் மாதிரி ஆகியிருந்தது, ஒவ்வொரு குத்துக்கும் சத்தம் வந்தது. விசிறியைப் போட்டேன். முள் அழகாக இறங்கிப் பச்சையில் உட்கார்ந்துகொண்டது.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. பெயின்ட் கடைக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வதுதான். ஃபில்டர் பிடிக்க வேண்டிய பெயின்ட் தூள் இனி நேரே விசிறியிலும் குழாயிலும் போய்ப் படியும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? புது ஃபில்டர் அடுத்த வாரம் வந்துவிடும். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது.

சாயந்திரத்துக்குள் ஆறு வண்டி முடித்தோம்.

நவம்பர் 10, வெள்ளி

முள் பச்சை. கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்

பச்சை. ஒன்பது டிக். விசிறியில் புதிதாக ஒரு முனகல் கேட்கிறது. எதற்கோ உரசுகிற மாதிரி.

நெவில் ஒரு பெட்டி பியர் வாங்கி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னான்: "இவ இல்லன்னா நான் எப்பவோ கடையச் சாத்தியிருப்பேன்." எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

நவம்பர் 17, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பதரை. தக்கீல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தான். நான் வெளியே கலர் கலக்கிக்கொண்டிருந்தேன். முனகல் கிறீச்சென்று ஏறியது. கூரைக்கு மேலே குழாயில் தட் என்று ஒரு சத்தம். அப்புறம் பூத்தின் தரைக்கடியிலிருந்து வெளிச்சம், தக்கீலின் காலுக்குக் கீழே. சட்டத்தின் ஒவ்வொரு இடுக்கிலும் நெருப்பு.

அவன் வெளியே பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தான். தப்பித்துவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். திரும்பிப் பார்த்தவன் மறுபடி உள்ளே போனான். கதவோரம் நாலு லிட்டர் தின்னர் டின் இருந்தது. மூடி இறுக்காத டின். அது வெடித்திருந்தால் பட்டறையே மிஞ்சியிருக்காது, நாங்கள் பதினோரு பேர் உள்ளே. டின்னை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான். மேலே உருகிய பிளாஸ்டிக் ஒழுகி அவன் இடது கையில் விழுந்தது. முழங்கையிலிருந்து விரல் வரை.

குழாயடியில் இருபது நிமிஷம் அவன் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை. அவன் பாஷையில் ஏதோ எண்ணுகிற மாதிரி முணுமுணுத்தான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப்போனேன்.

அந்த டின் என்னுடையது. பூத்துக்குள் எதற்குத் தின்னர்? பானெட்டைத் துடைத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு வந்தவள் நான்.

நவம்பர் 18, சனி

ஃபில்டர் முழுசாக எரிந்துவிட்டதாம். துளிகூட மிச்சமில்லை. நெவில் போனில் சொன்னபோது, அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அது நிம்மதி. தூ.

நவம்பர் 20, திங்கள்

வேலைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். இமெல்டா காப்கிராஃப்ட், என் வயசுதான் இருக்கும், அதிகம் பேசாத பெண். தாள்களைப் புரட்டினார். நவம்பர் முழுக்க என் கையெழுத்து.

நெவில் முந்திக்கொண்டான். "மேடம், அந்த ஆள் பூத்துக்குள்ளயே தின்னர் ஊத்திக் கன்னைக் கழுவுறவன். சேந்த மொத மாசமே செஞ்சான், எழுத்து மூலமா எச்சரிக்கை குடுத்திருக்கோம், இதோ பாருங்க. அன்னைக்கும் தின்னர் டின்னோடதான் வெளிய வந்தான். எத்தனை பேர் பாத்தாங்க கேளுங்க."

எச்சரிக்கைத் தாளிலும் என் கையெழுத்துதான் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதியது.

அவர் என்னைப் பார்த்தார். "அவர் அன்னைக்குக் கன்னைக் கழுவினாரா?"

"நான் பாக்கலைங்க. கலர் கலக்கிட்டிருந்தேன்."

பொய்யே இல்லை. அவன் கழுவவில்லை, அதனால் நான் பார்க்கவில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை எங்கே கற்றுக்கொண்டேன்? எங்களைக் காப்பாற்றத் தூக்கிய டின்னை நெவில் தக்கீலின் தலையிலேயே கட்டினான், நான் பக்கத்தில் நின்று தலையாட்டாமல் ஆட்டினேன்.

நவம்பர் 21, செவ்வாய்

என் புருஷன் பிரென்ட்டன் பத்து நாள் லாரி ஓட்டிவிட்டு இன்றுதான் வீடு வந்தான். சாப்பிடும்போது, "அந்த ஈராக்குக்காரன் பண்ணின வேலையாமே? பெட்ரோல் பங்க்ல பேசிக்கிட்டாங்க. நல்லவேளை உனக்கு ஒண்ணும் ஆகல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டேன். "ம்" என்றேன். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடமும் "ம்".

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நவம்பர் 23, வியாழன்

தக்கீலை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை என்று பேச்சு. முடிந்தபிறகு என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

தேர்வு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், கடிதம் இன்னும் வரவில்லையே என்று. நெவிலிடம் கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு எழுதுவ? பூத்தையே கொளுத்தினவனுக்குச் சான்றிதழா? விடு."

விட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா?

நவம்பர் 26, ஞாயிறு

போகக்கூடாது என்று மூன்று நாள் என்னையே கட்டிப்போட்டிருந்தேன். இன்று தக்கீல் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு கேக் வாங்கிக்கொண்டேன். கேக்! எரித்தவள் கேக்கோடு போகிறாள்.

கதவைத் திறந்தது அவன் மனைவி நோஃபா. நான் யார் என்று அவன் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்கதானா! தண்ணியில கையப் பிடிச்சிக்கிட்டீங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களாம். டாக்டர் சொன்னாரு, அந்தத் தண்ணி இல்லன்னா விரல் போயிருக்கும்னு. உங்க வீட்டுக்கு ஒரு குறையும் வராது."

வராது என்கிறாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. சின்னக் கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தாள். திராட்சை இலையில் சோறு சுற்றியது ஒரு தட்டு நிறைய. தின்னும்வரை விடவில்லை. தக்கீல் வலது கையால் சாப்பிட்டான். இடது கை தலையணை மேல் கட்டோடு கிடந்தது.

வண்டி வரைக்கும் கூட வந்தான். நான் கதவைத் திறந்தேன்.

"அக்கா, நான் பாத்தேன்."

"எதை?"

"அன்னைக்கு நான் டீக்குப் போகல. பக்கத்து வண்டிக்குப் பெயின்ட் படாம இருக்கப் பேப்பர் ஒட்டிட்டிருந்தேன். பூத் கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. நீங்க மண்டி போட்டுக் குத்துனீங்க."

"பாத்துட்டு ஏன் அப்புறமும் உள்ள போய் அடிச்ச?"

"நீங்க தலைமை பெயின்டர். முள் பச்சையில இருந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்க."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல, தக்கீல்?"

"மொத மாசம் நான் கன்னை உள்ள கழுவினேன். அது என் தப்புதான், நீங்க எழுதிக் குடுத்தீங்க. இப்ப நான் போய், அவங்க ஓட்டை போட்டாங்கன்னு சொன்னா? அதுக்குப் பழி வாங்குறான்னு சொல்லுவாங்க. ஃபில்டரும் எரிஞ்சு போச்சு. என் பேச்சு அவ்ளோ தூரம் நிக்காது." கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டான். "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒன்பது நாளா இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம் இவன். ஐயோ, ரெண்டு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கலாம். திட்டினா நானும் ஏதாவது சொல்லி அழுதிருப்பேன். வண்டியில ஏறி வந்துட்டேன்.

நவம்பர் 27, திங்கள்

எட்டு மணிக்கு ஆய்வாளரைக் கூப்பிட்டேன். பதினொன்றுக்கு அவர் அலுவலகத்தில் இருந்தேன்.

எல்லாம் சொன்னேன். பாதி பானெட்டில் கன் நின்றது, ஸ்க்ரூடிரைவர், முனகலைக் கேட்டும் பேசாமல் இருந்தது, டின் யாருடையது, அதை அவன் ஏன் தூக்கினான். நெவில் சொன்ன "என்ன வழின்னு எனக்குச் சொல்ல வேண்டாம்" என்பதையும் சொன்னேன். ஆனால் குத்தியது அவன் கை இல்லை என்றும் சொன்னேன்.

"எத்தனை ஓட்டை?"

"பத்தொன்பது."

"எண்ணினீங்களா?"

"ஆமாம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போன திங்கள் உங்ககிட்ட நான் நேராக் கேட்டேன்."

"கேட்டீங்க."

அவ்வளவுதான். பாராட்டவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. ஆறு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். என் கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு மாதிரி விழுந்தது.

வீட்டுக்கு வந்து தக்கீலின் கடிதத்தை எழுதித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பினேன். இருபது நிமிஷம் பிடித்தது. இதற்கா மூன்று வாரம்?

நவம்பர் 28, செவ்வாய்

பிரென்ட்டனிடம் சொன்னேன். "யானைக்கும் அடி சறுக்கும்" என்று ஆரம்பித்தான். நிறுத்தச் சொன்னேன். சறுக்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, நிதானமாகக் குத்தினேன்.

டிசம்பர் 1, வெள்ளி

நெவில் அறைக் கதவைச் சாத்தினான். "சாம்பலாப் போனதைக் கிளறி என்ன கண்ட? இன்ஷூரன்ஸ்காரன் இப்ப ஒவ்வொரு தாளையும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்குறான். எனக்கும் அபராதம். எல்லாம் உன் புண்ணியம்." அப்புறம் குரலை இறக்கி, "உன்னைத் தூக்கிட்டா, உண்மையைச் சொன்னதுக்குப் பழி வாங்குறேன்னு அந்த ஆய்வாளரம்மா நினைக்கும். இரு. ஆனா பூத் பக்கம் போகாத. உப்புத்தாள் பிடி" என்றான்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

டீ நேரத்தில் என் மேஜையில் யாரும் உட்காரவில்லை. "பெரிய உத்தமி வந்துட்டா" என்று பின்னால் ஒரு குரல். உத்தமியா? உத்தமி என்றால் முதல் நாளே சொல்லியிருப்பாள். நான் உத்தமி இல்லை என்பது சரிதான், ஆனால் அவர்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

தேர்வு. ஒரு கையால் கன் பிடித்து அடித்தானாம். தேறிவிட்டான். எனக்கு அவன் சொல்லவில்லை, சாயந்திரம் பட்டறைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

பிப்ரவரி 5, திங்கள்

புது பூத் இன்று ஓட ஆரம்பித்தது. விசாரணையில் பழி நீங்கித் திரும்பி வந்த தக்கீல்தான் இப்போது தலைமை பெயின்டர். நான்கு வருஷமாக அவன் நின்ற இடத்தில் இப்போது நான், முழங்கை வரை தூசியோடு. அவன் இடது கையில் தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்கிறது. அந்தக் கையை நான் நேராகப் பார்ப்பதில்லை.

என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இன்னும் அக்காதான். நோஃபா கொடுத்தனுப்பும் டப்பாவில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

காலையில் சீக்கிரம் வந்துவிட்டேன். யாரும் சொல்லாமலே தரைச் சட்டத்தைத் தூக்கி, டார்ச் அடித்து, ஃபில்டரின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தேன். விசிறி இறக்கையையும் பார்த்தேன். எல்லாம் சுத்தம். அவன் தாளோடு வந்தபோது, "ஃபில்டர் நல்லா இருக்கு தக்கீல், இப்பத்தான் பாத்தேன்" என்றேன்.

"சரிக்கா, ரொம்ப நன்றி" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பிறகு தாளைக் கதவில் மாட்டிவிட்டு, உள்ளே போய், மண்டி போட்டு, சட்டத்தைத் தூக்கி அவனே பார்த்தான்.