மாறாப்பொருள் ஏற்றிய வண்டிகள்

நெடியாற்றின் இரு கரையும் தழைக்க. நீர் வற்றாதிருக்க. அடுப்புகள் அணையாதிருக்க.

தாழ்வயல் நாட்டு அரசியும், கழிமுகம் ஐந்தின் காவலுடையாளும், மீள்பொருட் பெருஞ்சாலையின் புரவலருமாகிய செங்கணி நாச்சியார், மலைநாடு ஏழுக்கும் தலைவரும், நெடியாற்றின் தலைமடை காக்கும் உரிமையுடையவரும், குன்றவாயில் அரியணை அமர்ந்தவருமாகிய வரையாதன் வேள் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் கொடியும் குடிகளும் நலமுற ஓங்குக. தங்கள் மகளுக்குப் பல் முளைத்திருப்பதாகக் கேட்டு மகிழ்ந்தோம். அக்குழந்தை நெடுங்காலம் வாழ்க. இவ்வோலை தங்கள் கண்ணுக்கு மட்டும் உரியது. அருகில் அமைச்சர் எவரேனும் இருந்தால், அவரை வெளியே அனுப்பிவிட்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

தங்கள் தூதர் அத்திக்கோன் எம் அவைக்கு வந்து தங்கள் ஆணையை உரைத்தார். இதுவரை வந்த கழிவோடு இனித் தங்கள் படைவீடுகளின் கழிவும் கழிவை மாற்றும் எம் சாலையின் வாயிலுக்கு வரும் என்றும், ஒரு வண்டி மறிக்கப்பட்டாலும் தலைமடை அன்றே அடைக்கப்படும் என்றும், அவையின் தூண்கள் அதிரும்படி முழங்கினார். எம் வயல்களில் நெல் கதிர்விடும் பருவம் இது. இப்போது மடை அடைபட்டால் எம் நாட்டில் அறுவடை என்ற ஒன்றே இராது. அதை அறிந்துதான் தாங்கள் இந்தப் பருவத்தைத் தேர்ந்தீர்கள் என்பதும் எமக்குத் தெரியும். மறுமொழி கூறுமுன், எம் கழுத்தில் இக்கயிறு விழுந்த வரலாற்றைத் தங்களுக்கு எழுதுவது தேவையாகிறது. ஏனெனில் கயிற்றைத் திரித்தவர்கள் நாங்களேதான்.

எம் பாட்டனார் மாவளத்தார் காலத்தில் பெருவெள்ளமும், அதன் பின்னே கொள்ளைநோயும் வந்தன. தெருத்தெருவாகக் குப்பை அழுகிக் கிடக்க, அவர் குயவரையும் கொல்லரையும் தோல்வினைஞரையும் ஒரே கூரையின்கீழ்க் கூட்டி, நாடு முழுமைக்குமாக மீள்பொருட் பெருஞ்சாலையை நிறுவினார். ஊர்தோறும் அதற்கு ஒரு வாயில். உடைந்த ஓடு இடிபட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் சேர்ந்தது, கந்தல் திரியாயிற்று, எலும்பு பசையாயிற்று, சமையற்கட்டின் மிச்சம் எருவாகி வயலுக்குப் போயிற்று. ஊரார் அவரைக் குப்பைக்கோ என்று கேலி செய்தார்கள். அவரோ அப்பெயரைத் தம் விருதுகளோடு சேர்த்துக்கொண்டு சிரித்தார். எம் குலத்தில் முடிசூடும் எவரும் அதற்குமுன் ஓராண்டு சாலையின் பிரிப்புக் களத்தில் உட்கார்ந்து குப்பை பிரிக்க வேண்டும் என்று விதித்தவரும் அவரே.

அந்தப் பெருமிதம்தான் எம்மைக் கெடுத்தது. ஆற்றங்கரை விருந்தில் தங்கள் பாட்டனார், மலைநாட்டுக் கழிவையும் மாற்ற இயலுமா என்று வினவ, எம் பாட்டனார் மீசையை முறுக்கிக்கொண்டு, மாற்ற முடியாத பொருளென்று உலகில் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் அனுப்புக என்று கூறிவிட்டார். தலைமடை திறந்திருக்கும், எம் வாயில் எவ்வண்டியையும் மறுக்காது என உடன்படிக்கை எழுதப்பட்டது. அதில் ஒரு பிரிவு மட்டும் எமக்குக் காப்பாக இருந்தது. ஓராண்டு முயன்றும் மாற்ற இயலாததை மாறாப்பொருள் என முத்திரையிட்டு யாம் திருப்பி அனுப்பலாம். அனுப்பியவர் தம் முத்திரையிட்டு அதை ஏற்றாக வேண்டும்.

மூன்று தலைமுறையாக அப்பிரிவை எவரும் தொடவில்லை. தோல் ஊறிய சேறும், சாயத் தொட்டியின் அடிமண்டியும், உலைக்கசடும் தங்கள் நாட்டிலிருந்து வந்தபடி இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று சாலைத் தலைவர் எவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் எவருக்கும் நா எழவில்லை. ஒவ்வொரு குவியலின் மீதும், இது சிந்தனையில் உள்ளது என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். இன்று அக்குவியல்கள் ஒன்றாகி எம் தலைநகரை மூன்று பக்கமும் வளைத்து நிற்கின்றன. மக்கள் அதற்குச் சிந்தனைமலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் அடிவாரத்துக் கிணறுகள் கசந்துவிட்டன. நான்காம் பக்கம் ஆறு. அந்த ஆறு தங்கள் கையில். இந்நகரில் மூச்சு விடுவதற்கும் எவரிடமோ அனுமதி கேட்பதாகச் சில வேளை எமக்குத் தோன்றும்.

இனி எழுதுவதை யாம் என்று எழுத மனம் வரவில்லை. நான் என்றே எழுதுகிறேன். இளவரசியாக நான் களத்தில் உட்கார்ந்த ஆண்டில், தங்கள் அரண்மனைக் கழிவு என் பங்குக்கு வந்தது. ஒரு கடியும் படாமல் வாழையிலையில் சுருட்டி ஒளிக்கப்பட்ட பாகற்காய் வறுவலை நாள்தோறும் கண்டேன். அதை ஒளித்தது யாரென்று தங்களுக்கு நினைவிருக்கலாம். தங்கள் தந்தையார் நோயுற்றதை எங்கள் ஒற்றர் அறியுமுன் மருந்துக் கலயங்கள் எனக்குச் சொல்லின. பிறகொரு காலை கூடை நிறைய உடைந்த வளையல் வந்தது. அன்று களத்தில் எவரும் வேலை செய்யவில்லை.

சென்ற மாதம் சாலைத் தலைவி சாத்தியார் என்னை மீண்டும் களத்துக்கு அழைத்தார். தங்கள் ஊர்களிலிருந்து வந்த வண்டிகளைக் கொட்டிப் பார்த்தோம். உமி இல்லை. மீன்முள் இல்லை. புளியங்கொட்டை ஒன்றுகூட இல்லை. மக்கள் அதையும் வறுத்துத் தின்கிறார்கள். வேகவைத்து வெளுத்த செருப்பு வார்கள் கிடந்தன. அவற்றின் அடியில், வாயைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோலமிட்ட விதைப்பானைகள் உடைந்து கிடந்தன, ஒன்றல்ல, வண்டி வண்டியாக. விதையைத் தின்று தீர்த்த வீட்டில்தான் விதைப்பானை உடையும். மலைச்சரிவில் சாமையைப் பூச்சி அழித்ததைத் தாங்கள் எவருக்கும் சொல்லவில்லை. நான் அந்த ஓடுகளுக்கு நடுவே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

தங்கள் தூதர்மீது சினம் கொள்ளாதீர்கள். முழங்கி முடித்தபின் விருந்தில் அமர்ந்த அவர், எவரும் பார்க்கவில்லை என்றெண்ணி ஒரு கவளச் சோற்றை மேலாடையில் முடிந்துகொண்டார். நான் கூரையின் ஓவியத்தைப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டேன்.

தங்களால் கேட்க இயலாது என்பதை அறிவேன். தாழ்வயலிடம் கையேந்திய மன்னரை மலைநாட்டுக் குறுநிலத் தலைவர்கள் ஒருநாளும் அரியணையில் இருக்க விடமாட்டார்கள். நான் வெளிப்படையாக நெல் அனுப்பினால் தாங்கள் அதை எல்லையிலேயே திருப்பியாக வேண்டும். அனுப்பாமல் இருந்தாலோ, அந்தப் பானைகள் என்னைத் தூங்க விடா. குரல்வளையைப் பிடித்த கைக்கே சோறிடுவதா என்று என் அமைச்சர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் தவறில்லை.

ஆகவே, மூன்று தலைமுறை தொடாத பிரிவை யாம் தொட்டுவிட்டோம். மலைநாட்டுக் கழிவை மாற்ற முடியாமல் எம் சாலை தோற்றது என்று எம் அவையில் பறையறைந்து அறிவித்தோம். மாறாப்பொருள் என்ற முத்திரையைச் சாத்தியாரே தம் கையால் இட்டார். தம் குடிக்கு நேர்ந்த முதல் தோல்வி இதுவென்று சொல்லி, இந்த வண்டிகளைப் பொறுத்தவரை அது பொய்யென்று அறிந்திருந்தும், தேம்பினார். வண்டிகளின் மேற்பரப்பில் தோற்சேற்றை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பியிருக்கிறோம். தங்கள் வாயிற்காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிடுவார்கள். அதன்கீழ் மெழுகுத்துணி. அதன்கீழ் எம் களஞ்சியத்தின் பாதி நெல். சிவப்புக் கயிறு கட்டிய மூட்டைகளில் இருப்பது விதைச்சாமை. அதை மட்டும் எவர் அழுதாலும் உண்ணக் கொடுத்துவிடாதீர்கள்.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறோம். இவ்வண்டிகளை ஏற்றுத் தாங்கள் முத்திரையிடும்போது, அப்பிரிவு உயிர்பெற்றுவிடும். அதன்பின் யாம் மாறாப்பொருள் என்று திருப்பும் எதையும் தாங்கள் மறுக்க இயலாது. இது தங்களுக்கு வைத்த பொறிதான். எம் பாட்டனார் தம் வாயால் எமக்கு வைத்ததைவிடச் சிறியது. இதில் உண்ண நெல்லாவது இருக்கிறது.

எனவே உடன்படிக்கையின் பேரால் விதிப்பதாவது: வண்டிகளைத் தங்கள் முன்னிலையில் இறக்குக. ஏற்புமுத்திரை இட்டு, இவ்வோலையைக் கொணரும் அத்திக்கோன் கையிலேயே அனுப்புக. மடையைத் திறந்து வைப்பதும் அடைப்பதும் தங்கள் விருப்பம். அதற்காக நெல்லைத் திருப்பிக் கேட்க மாட்டோம், வண்டிகள் ஏற்கெனவே ஆற்றைக் கடந்துவிட்டன. ஆனால் மடை அடைபட்டால், அடுத்த ஆண்டு தங்களுக்கு அனுப்ப எம்மிடம் நெல் இராது. சிந்தனைமலைதான் இருக்கும்.

எம் கையெழுத்து. சாலையின் முத்திரை. படித்தபின் இவ்வோலையைக் கிழித்துக் குப்பையில் இடாதீர்கள். அது எம்மிடமே வந்து சேரும். எரித்துவிடுக.