இருபத்தெட்டு விநாடி

12 ஜூலை 1994, செவ்வாய்

நீண்ட யோசனைக்குப் பின் இன்று காலை ஒரு வரலாற்று முடிவை எடுத்தேன்: பாடநூலை மூடிவிட்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பள்ளித் திடலில் உள்ள ஊஞ்சலுக்கு அழைத்துச் செல்வது.

காரணம் என் மாணவி மேகலா. எடை கூடியவர் ஏறினால் ஊஞ்சல் வேகமாக ஆடுமா என்று தேர்வில் கேட்டிருந்தார் தலைமையாசிரியர். ஆடாது, நேரம் மாறாது என்று அவள் எழுதினாள். தவறு என்று அவர் திருத்தினார். அந்த ஒரு தேர்வுப் புள்ளி இல்லாமல் ஜாசின் நகரில் நடக்கும் அறிவியல் புதிர்ப்போட்டிக்கு அவள் போக முடியாது.

மேகலாவை உட்காரவைத்து மெல்ல இழுத்துவிட்டோம். பத்து ஆட்டத்துக்கு இருபத்தெட்டு விநாடி. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார்.

“பாரம் ஏத்துன லோரி இறக்கத்துல எப்படிப் பறக்குது? வெயிட்டு கூடுனா வேகம் லா, சார். நகருங்க, நானே உட்கார்றேன்.”

உட்கார்ந்தார். சங்கிலி முனகியது. பிள்ளைகள் எண்ணினார்கள். இருபத்தெட்டு. கடிகாரம் பழுது என்றார். அவருடைய கடிகாரத்தையே வாங்கி மறுபடி பார்த்தோம். இருபத்தெட்டு.

பின்னாலிருந்து ஒரு குரல்: “அப்படின்னா பெரிய வாத்தியாரும் மேகலா வெயிட்டுதான் லா!”

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அதை அவர் நம்பவில்லை.

“பிள்ளைங்கள வச்சு என்னை அசிங்கப்படுத்துறீங்களா?”

புவியீர்ப்பின் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. என் மீது முடியும்.

மதியம் அவர் சொல்லி, பள்ளி இருக்கும் எஸ்டேட் தோட்டத்து ஆட்கள் இருவர் வந்து ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். போட்டிக்குப் போகிறவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. நான்கு பெயர்கள். மேகலா இல்லை.