எட்டுப் பேர் ஏறிய பஸ்

அக்கா,

விளையாடிப் படித்து உருப்பட்டவர் உலக வரலாற்றிலேயே கிடையாது. காலையில் சண்டையில் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. நாளை எல்.கே.ஜி. இன்டர்வியூவில் லாஸ்யா பத்து வரை எண்ணியாக வேண்டுமே என்று சிலேட்டை எடுத்தேன். உங்கள் மகள் கட்டிலுக்கடியில் போய்விட்டாள்.

பிறகு அவளே வெளியே வந்து, காலி நூல் கோன்களை வரிசையாக நிறுத்தி பஸ் ஓட்டினாள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, "எட்டுப் பேரு ஏறியாச்சுங்க மாமா. வேற ஆளு இல்லீங்களா?" என்றாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. வீட்டில் இருப்பதே எட்டுக் கோன்தான்.

சாதம் குக்கரில் இருக்கிறது. தெருக்கோடித் தறிக்குடோனில் இன்னும் இரண்டு கோன் கேட்கப் போகிறோம். நான் துணைக்கு மட்டும்தான்.

சாய்குமார்

பி.கு: கூடத்தில் நிற்பவர்களைக் கலைத்துப்போடாதீங்க. எல்லோருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.