கேட்காரர் வீட்டுக் காப்பீடு

மார்ச் 11

மூன்று கம்பெனி, மூன்று பாலிசி. படித்து முடிப்பதற்குள் தலைவலி வந்துவிட்டது. நான் தினமும் பழுது பார்க்கிற லிஃப்ட் மோட்டாரின் சர்க்யூட் படம்கூட இவ்வளவு குழப்பமாக இருக்காது. எழுதியவனைக் கூப்பிட்டு, "இது யாருக்குப் புரியக் கூடாதுன்னு எழுதின?" என்று கேட்க வேண்டும்.

அப்பாவின் வீடு கடலிலிருந்து நாலாவது தெருவில் இருக்கிறது. போன வருடம் புயல் பக்கத்து ஊர்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒவ்வொரு வருடமும் அப்படிப் போகும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்? அப்பாவுக்கு அது வாழ்நாள் சம்பாத்தியம். எனக்கு அது காப்பீடு இல்லாத ஒரு கட்டடம். அக்கா சொல்வாள், "நீ எதையும் ஆசையா பாக்கவே மாட்டியாடா?" ஆசையாகப் பார்த்தால் கூரை நிற்குமா?

மார்ச் 14

முதல் பாலிசி ஏன் மலிவு என்று கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது. தீ உண்டு, திருட்டு உண்டு, காற்று கிடையாது. கடலோர வீட்டுக்குக் காற்று கிடையாதாம்! குடையைக் கொடுத்து, மழையில் விரிக்காதே என்பது போல.

ஏஜென்டுக்கு எப்போதும் சிரித்த முகம். "சார், உங்க தெருவுல பாதிப் பேர் இதத்தான் எடுத்திருக்காங்க."

"அப்ப மீதிப் பாதிகிட்ட கேட்டுக்கறேன்."

அதற்கும் சிரித்தார்.

இரண்டாவதில் காற்று உண்டு, வெள்ளம் இல்லை. சுவர் விழுந்து கிடக்கும்போது தள்ளியது காற்றா தண்ணீரா என்று யார் சாட்சி சொல்வது?

மூன்றாவதில் இரண்டும் உண்டு. விலை கூடுதல், நிபந்தனைகளும் கூடுதல். கூரையை இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு இறுக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பலகை வேண்டும். புயல் பருவத்தில் தொடர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் வீடு ஆளில்லாமல் இருக்கக் கூடாது. இந்தக் கடைசிதான் இடிக்கிறது. ரிடையரான பிறகு அப்பா அந்தப் பருவம் முழுக்க அக்கா வீட்டில்தான் இருப்பார்.

மார்ச் 22

ஊருக்குப் போய்க் கூரைக்குப் பட்டை போட்டேன். வெல்டரின் வேலை பிடிக்கவில்லை, பாதியை நானே செய்தேன். அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை போல்ட்டுடா? வீட்டைப் பறக்க விடாம கட்டறியா, இல்ல என்னையா?"

"ரெண்டையும்தான். ஏணியை ஆட்டாதீங்க."

தெருவில் அப்பாவுக்குப் பெயரே கேட்காரர். ரயில்வே கேட்டில் முப்பது வருடம். மாற்று ஆள் வந்து சாவியை வாங்காமல் ஓரடி நகர்ந்ததில்லை. அக்கா பிறந்த அன்றும் ஷிஃப்ட் முடிந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். அம்மா இருந்தவரை அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

எதிர்வீட்டு டெய்லர் மாமா வந்து வேடிக்கை பார்த்தார். "கேட்காரரே, உங்க பையன் வீட்டுக்கே பெல்ட் போட்டுட்டான்!" அவர் எடுத்திருப்பது அந்த முதல் பாலிசி. காற்று கிடையாது என்று சொன்னேன். "அதெல்லாம் வரும் தம்பி, ஏஜென்ட் நல்ல மனுஷன்" என்றார். சிரிக்கிறவன் எல்லாம் நல்ல மனுஷன்.

ஏப்ரல் 2

மூன்றாவதையே எடுத்துவிட்டேன்.

மதியம் ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்று உள்ளே மூன்று பேர். அந்த நேரம் பார்த்து அப்பா போன். அக்கா ஊருக்கு இப்போதே டிக்கெட் போட்டு வைக்கட்டுமா என்றார்.

"வேணாம்பா. புயல் சீசன்ல வீட்டைக் காலியா விடக் கூடாது. விட்டா ஒரு பைசா வராது."

"அப்படியா போட்டிருக்கான்?"

"அப்படித்தான் போட்டிருக்கான்."

"சரிப்பா. நான் பாத்துக்கறேன்."

வைத்துவிட்டேன். உள்ளே ஒருவர் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். இன்டர்காமில் "கதவத் தொடாதீங்க" என்றேன். தொட்டார். ஒரு வரி சொன்னால் கேட்க மாட்டார்களா இந்த மனிதர்கள்?

ஜூலை 6

அக்கா போனில் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். "அப்பாகிட்ட என்னடா சொன்ன? பேத்தி பொறந்த நாளுக்குக்கூட வர மாட்டேங்கறாரு. வீட்டை விட்டு நகரக் கூடாதாம், தம்பி சொல்லிருக்கானாம்."

"ஒரு மாசம் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். வந்துட்டுப் போகலாம்."

"அத எங்கிட்ட சொல்லி? அவர்கிட்ட சொல்லு."

சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18

புயல் எச்சரிக்கை. இந்தத் தடவை நேராக அப்பாவின் ஊரை நோக்கி. இங்கேயும் கனமழை வரும் என்று எல்லாக் கட்டடங்களிலும் லிஃப்டை மேல்மாடியில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து படியேறிப் படியேறி முட்டி கழன்றுவிட்டது.

நடுவில் அப்பாவிடம் பேசினேன். தெருவில் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்களாம். நீங்களும் போங்க என்றேன்.

"பாலிசி அப்படியேதானப்பா இருக்கு? ஒண்ணும் மாறலையே?"

"அப்படியேதான் இருக்கு. அதப் பத்திக் கவலைப்படாதீங்க."

"சரி சரி. நீ வேலையப் பாரு. நனையாத."

செப்டம்பர் 19

போன் போகவில்லை. டவர் விழுந்திருக்கும்.

செப்டம்பர் 20

போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சார்ஜ் போட இடம் இருக்காது.

செப்டம்பர் 21

டெய்லர் மாமா யாருடைய போனிலிருந்தோ பேசினார். பேசவில்லை. அழுதார். மாமா என்ன ஆச்சு சொல்லுங்க, அழாம சொல்லுங்க — கத்தினேன். அப்பா பள்ளிக்கூடத்துக்கே போகலையாம்.

போகவே இல்லையாம்.

செப்டம்பர் 22

கூரை அப்படியே இருக்கிறது. நான் போட்ட போல்ட் ஒன்றுகூட அசையவில்லை. தண்ணீர் சமையலறைச் சுவரைத் தள்ளியிருக்கிறது. அப்பா அதன் அடியில் இருந்தார்.

செப்டம்பர் 23

எடுத்துப் போய்விட்டோம். முடிந்தது.

செப்டம்பர் 26

அக்காவும் நானும் சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது டெய்லர் மாமா வந்து உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன் தம்பி. கையப் பிடிச்சு இழுத்தேன். 'பையன் இவ்வளவு செலவு பண்ணி எடுத்திருக்கான், நான் காலியா விட்டுட்டுப் போனா ஒரு பைசா வராது. இன்னிக்குக்கூடக் கேட்டேன், அப்படியேதான் இருக்குன்னான்'னு சொன்னாரு. 'உங்க பையன மாத்து ஆளா அனுப்பச் சொல்லுங்க, சாவியக் குடுத்துட்டு வர்றேன்'னு சிரிச்சாரு."

அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருக்கலாம்.

"ஒரு நிமிஷம் நின்னு பேசியிருக்கலாம்லடா" என்றாள். அவ்வளவுதான். மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 27

அப்படியேதான் இருக்கு. அப்படியேதான் இருக்கு. அப்படியேதான் இருக்கு.

அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன்? படியில நின்னு மூச்சு வாங்கிட்டு இருந்தேன்பா. சீக்கிரம் வச்சாப் போதும்னு இருந்துச்சு எனக்கு.

அக்டோபர் 15

சேதத்தை மதிப்பிட ஒரு பெண் வந்தார். என்னைவிடச் சின்னவர், ரப்பர் பூட்ஸ், வேலையில் கச்சிதம். சுவரில் தண்ணீர்க் கறையின் உயரத்தை அளந்தார். கூரைப் பட்டைகளைப் பார்த்து, "இத யார் போட்டது? ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

முழுத்தொகையும் வரும் என்றார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அன்னிக்கு வீட்டுல ஆள் இல்லாம இருந்திருந்தா?"

"அதனால என்ன சார்? புயலுக்கு வெளிய போங்கன்னு நாங்களே மெசேஜ் அனுப்பினோமே. மாசக்கணக்கா பூட்டிக் கிடந்தாதான் பிரச்சினை." எழுதிக்கொண்டே சொன்னவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேனா நின்றுவிட்டது.

எனக்குத் தெரியாததா? முதல் நாளே படித்ததுதானே!

டிசம்பர் 4

பணம் வந்துவிட்டது. தெருவில் வேறு யாருக்கும் வரவில்லை. டெய்லர் மாமாவின் பாலிசியில் காற்றும் இல்லை, வெள்ளமும் இல்லை. அவருடைய கூரை போனது கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

ஆனால் தெரு வேறு கணக்குப் போடுகிறது. நாங்கள் எல்லாரும் வெளியே போனோம், வரவில்லை. கேட்காரர் போகவில்லை, வந்தது.

டெய்லர் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிரக் குடுத்து வீட்ட உங்க கையில குடுத்துட்டுப் போயிருக்காரு தம்பி" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முதுகில் கையை வைத்தாள்.

டிசம்பர் 5

"இருக்கட்டும்டா" என்கிறாள் அக்கா. "அவங்க அப்படியே நினைக்கட்டும். ஒண்ணுமில்லாததுக்குச் செத்தாருன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எம் பொண்ணுகிட்ட, தாத்தா வீட்டைக் காப்பாத்தினாருன்னு சொல்லிருக்கேன்."

அது பொய்தானே என்றேன்.

"உனக்கு எல்லாம் சரியா இருக்கணும். எனக்கு எங்கப்பா இருக்கணும்."

உண்மையைச் சொன்னால் — அந்தப் பொய் எனக்கும் சுகமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20

அப்பா ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சுவரைக் கட்டியாகிவிட்டது. சூப்பர்வைசர் ஏன் என்று கேட்டார். இங்கே லிஃப்டே ஏழோ எட்டோதான். "வேலை கம்மி, அதான்" என்றேன்.

மார்ச் 30

டெய்லர் மாமா பாலிசித் தாள்களோடு வந்தார். "தம்பி, அப்பாவுக்கு எடுத்தத எனக்கும் எடுத்துக் குடு." எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாதக் கணக்கைச் சொன்னேன், வெளியே போகலாம் என்றும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29

மறுபடி எச்சரிக்கை. நாளை சாயங்காலம் கரையைக் கடக்கிறதாம்.

எதிர்வீட்டில் டெய்லர் மாமா ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார், உள்பக்கமிருந்து. தெருவைத் தாண்டி ஓடினேன். என்ன மாமா இது என்றேன்.

"இந்தத் தடவ நகர மாட்டேன் தம்பி. உங்கத்தைய மட்டும் அனுப்பிடறேன். போன தடவ ஓடிப்போய்தான் ஏமாந்தேன்."

"போனாலும் பணம் வரும்னு அன்னிக்கே சொன்னேனே!"

"நீ பேப்பர்ல இருக்கறதச் சொல்ற. நான் கண்ணால பாத்தேன். உங்கப்பா இருந்தாரு, வந்துச்சு. மூலை வீட்டுக்காரரும் தங்கறாரு. மனுஷன் வழி காட்டிட்டுப் போயிருக்காரு."

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லிடுடா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "நின்னு, மெதுவா சொல்லு."

ஆகஸ்ட் 30, காலை

சொல்லிவிட்டேன்.

மாமா கூடத்தில் தையல் மெஷினைத் தூக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார். அத்தை பையோடு வாசலில். மூலை வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"எங்கப்பா அன்னிக்கு உங்களோட பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாலும் இதே பணம் வந்திருக்கும். ஒரு பைசா குறைஞ்சிருக்காது. அவரு உள்ள இருந்ததால எதுவும் வரல."

"அப்படிச் சொல்லாத தம்பி."

"நான்தான் அவர்கிட்ட அரைகுறையா சொன்னேன். நான் சொன்னத நம்பி இருந்துட்டாரு. வீட்டை அவரு காப்பாத்தல மாமா. எதுக்காகவும் சாகல. சும்மா செத்துட்டாரு."

மாமா எழுந்து என் சட்டையைப் பிடித்தார். "வாய மூடுடா! உங்கப்பனப் பத்தி இப்படிப் பேசறியே, நீயெல்லாம் ஒரு புள்ளையா?"

பிடித்தபடியே நின்றார். நான் விலகவில்லை. இன்னொரு முறை சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாக. கை தளர்ந்தது. மெஷின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ கேட்காரரு..."

"ஆமா மாமா."

மூலை வீட்டுக்காரர் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுக் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. அத்தை மாமாவின் செருப்பை எடுத்து வந்து அவர் காலருகில் போட்டார்.

செப்டம்பர் 1

பள்ளிக்கூடத்தில் இரண்டு இரவு. ஒரே வகுப்பறையில் இருந்தும் மாமா என்னோடு பேசவில்லை. யாரும் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. இதுவரை அவரைப் பற்றிப் பேசாமல் இந்தத் தெருவில் யாரும் என்னைக் கடந்து போனதில்லை.

இன்று திரும்பினோம். பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி காற்றில் வந்து டெய்லர் மாமாவின் கூரையில் விழுந்திருக்கிறது. கூடத்தில் நிற்க இடமில்லை. தையல் மெஷின் எங்கே என்றே தெரியவில்லை.

மாமா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "எந்த நம்பருக்குப் பேசணும்?" என்றார். போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன்.

ஒரு பெண் குரல் பெயர், பாலிசி எண் எல்லாம் கேட்டது. பிறகு, "சேதம் நடந்தப்போ வீட்டுக்குள்ள யாராவது இருந்தாங்களா சார்?"

மாமா எங்கள் வீட்டைப் பார்த்தார். அந்தப் பெண் இரண்டு முறை "சார்?" என்றாள்.

"யாரும் இல்லம்மா" என்றார்.